வெள்ளைக் கல் மேடை: பளிங்கா, குவார்ட்ஸா?

சொகுசு கொண்டோ, பங்களா வீடுகளின் சமையலறை மேடைக்குச் சாம்பல் நரம்போடும் வெள்ளைக் கல்தான் இப்போதைய மோகம். அசல் கல், இத்தாலியின் கராராவில் வெட்டப்படும் பளிங்கு. அது சுண்ணாம்பு வகை என்பதால் புளி, எலுமிச்சை பட்டால் மெருகு போகும். மஞ்சள் கறையும் பிடிக்கும். நம் சமையலுக்குச் சரிவராது.

அதே தோற்றத்தில் வரும் குவார்ட்ஸ், கல் தூளைப் பிசினுடன் இறுக்கிச் செய்த பலகை. புளிக்கு அசையாது, கொதிக்கும் சட்டியை நேரே வைத்தால் பிசின் கருகும். வீட்டாருக்கு அதனால் ஆபத்தில்லை, வெட்டும் தொழிலாளிக்குத்தான். பலகையில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம். உலர வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடை செய்தது.

குத்தகையாளரிடம் விலையோடு, தண்ணீர் விட்டுத்தான் வெட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.