பரிசல்: மைசூரு வட்டாரம்

மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, வெளிப்புறம் தோலோ தார் பூசிய சாக்கோ போர்த்திய வட்டப் படகு பரிசல். கன்னடத்தில் ஹரிகோலு அல்லது தெப்பா, தெலுங்கில் புட்டி. மைசூரு நகரத்துக்குள் ஆறு கிடையாது. ஆனால் வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியும் தெற்கே நஞ்சன்கூட்டில் கபினியும் ஓடுகின்றன. இரண்டும் திருமகூடலு நரசீபுரத்தில் கூடித் தலக்காடு வழியே கிழக்கே போகின்றன. இந்த ஆற்றுப் பரப்பில் பாலங்கள் வரும்வரை ஆளும் ஆடும் மூட்டையும் அக்கரை சேர்ந்தது பெரும்பாலும் பரிசலில்தான்.

இதைப் பழங்காலத்தின் மிச்சம் என்று ஒதுக்குவது தவறு. கோடையில் இங்கே காவிரி பாறைகளுக்கு நடுவே முழங்காலளவு ஓடும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதே இடத்தில் யானையும் நிற்காது. அடிக்கட்டை வைத்த மரப்படகு இத்தகைய ஆற்றில் முதல் பாறையிலேயே பிளந்துவிடும். பரிசலுக்கு அடிக்கட்டை இல்லை. சில அங்குலத் தண்ணீர் போதும், பாறையில் மோதினால் வளைந்து கொடுத்து விலகும். கிழிந்தால் கரையில் கவிழ்த்துப்போட்டு ஒட்டுப் போடலாம்.

செய்முறை எளிது, கைப்பழக்கம்தான் பெரிது. பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னி, நடுவில் கல்லைப் பாரம் வைத்து, விளிம்புகளை மேலே வளைத்துச் சுற்றிலும் தடித்த வளையமாகக் கட்டுவார்கள். முன்பு இதன்மேல் மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ இழுத்துத் தைத்தார்கள். தோல் ஊறினால் அழுகும் என்பதால் அடிக்கடி கரையேற்றிக் காயவைக்க வேண்டியிருந்தது. இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. பழகியவர்கள் ஒரே நாளில் ஒன்றைக் கட்டி முடிப்பார்கள். ஒகேனக்கல் பரிசல்கள் பொதுவாக ஏழடி விட்டம் உடையவை.

ஓட்டுவதும் மற்றப் படகுகளைப் போன்றதல்ல. ஓட்டுபவர் போகும் திசைப் பக்கம் விளிம்போரம் குந்தி, ஒற்றைத் துடுப்பால் முன்னாலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். ஒரு இழுப்புக்குப் பரிசல் வலப்பக்கம் திரும்பும், அடுத்த இழுப்பில் இடப்பக்கம். இந்தத் தள்ளாட்டத்தைச் சமன்செய்துகொண்டே நேராகப் போவதுதான் வித்தை. கைப்பிடி கொஞ்சம் தவறினால் பம்பரமாகச் சுற்றும். இன்று சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துக் கேட்பது அந்தச் சுற்றலைத்தான்.

வட்டத் தோல்படகு தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் இத்தகைய படகுகளைப் பற்றி எழுதினார்: சரக்கோடு நீரோட்டத்தில் இறங்குவார்கள், ஊர் சேர்ந்ததும் சட்டத்தை விற்றுவிட்டுத் தோலைக் கழுதைமேல் ஏற்றித் திரும்புவார்கள். எதிர்நீரில் ஏறும் சிரமம் காவிரியிலும் உண்டு. இங்கே பரிசல்காரர்கள் பரிசலையே தலையில் கவிழ்த்துச் சுமந்து நடப்பார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்களை இராக்கின் குஃபாவோடும் வேல்ஸ் நாட்டுத் தோல்படகோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்.

கன்னட நாட்டில் படகோட்டிக்கு இலக்கியத்திலும் இடமுண்டு. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரின் காலத்து வசனக் கவிஞர்களுள் ஒருவரான அம்பிகர சௌடய்யா தொழிலால் படகோட்டி. 16ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் உடலை ஒன்பது ஓட்டையுள்ள ஹரிகோலாகவும் இறைவனை அதன் ஓட்டியாகவும் வைத்துப் பாடினார். பரிசல் ஒழுகும் என்பது கேட்டவர் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்த உருவகம் எடுபட்டது.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக, 15 முதல் 20 பேர் ஏறக்கூடிய வட்டப் படகுகளைக் குறிப்பிடுகிறார். அவசியமானால் குதிரையும் மாடும்கூட அவற்றில் கடக்குமாம். ஆறுள்ள இடமெல்லாம் இதைத் தவிர வேறு படகில்லை என்கிறார். உள்நாட்டுக்கு அது சரி, கடற்கரைக்குப் பொருந்தாது.

மைசூர்ப் போர்களில் ஆற்றின் பருவமே ஒரு படையாக இருந்தது. 1799 மே 4 அன்று ஆங்கிலேயப் படை நீர் வற்றிய காவிரியை நடந்தே கடந்து ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் ஏறியது. வெள்ளம் வந்திருந்தால் முற்றுகை நிலைத்திருக்காது. கோட்டை விழுந்தபின் அங்கே பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1800இல் கிளர்ச்சித் தலைவன் தூண்டியா வாக்கைத் துரத்தியபோதும் 1803 மராத்தியப் போரிலும் தோல் போர்த்திய கூடைப் படகுகளில் படையைக் கடத்தினார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவரே.

பரிசலை வீழ்த்தியது வேறொரு படகல்ல. திவான் பூர்ணய்யாவின் மேற்பார்வையில் 1804இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆர்தரின் அண்ணனும் அப்போதைய கவர்னர் ஜெனரலுமான ரிச்சர்ட் வெல்லெஸ்லி பெயரில் கல்பாலம் எழுந்தது. அடுத்துச் சிவனசமுத்திரத்தில் தமிழரான இராமசாமி முதலியார் பாலங்கள் கட்டினார். பிறகு அணைகள்: 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர், 1934இல் மேட்டூர், 1974இல் கபினி. ஆற்றின் வேகமும் பருவமும் அணைக்கதவின் கைக்குப் போயின. ஆனால் நீர்த்தேக்கங்கள் மீனவர்களுக்குப் புதுத் துறையாயின. கபினி, மேட்டூர் நீர்ப்பரப்புகளில் இன்றும் பரிசலில் வலை விரிக்கிறார்கள். தூண்டில்காரர்களுக்கும் அது தோதான படகு. மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த வான் இங்கன் 1946இல் கபினி ஆற்றில் பிடித்த 120 ராத்தல் (சுமார் 54 கிலோ) மகசீர் கெண்டை இன்னும் பேசப்படும் சாதனை.

அன்றாடத் தேவைக்கான பரிசல் சுருங்கிவிட்டது. நீலகிரி மாவட்டத்துத் தெங்குமரஹாடா மக்கள் மாயாற்றை நெடுங்காலம் பரிசலிலேயே கடந்துவந்தார்கள். மோட்டார் சைக்கிளும் அதில் ஏறும். மற்ற இடங்களில் அது சுற்றுலாவை நம்பியிருக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலியின் யோசனைப்படி 1940இல் பறவைகள் சரணாலயமான ரங்கனத்திட்டில் துடுப்புப் படகில் போய்ப் பறவைகளைப் பார்க்கலாம். தலக்காட்டிலும் ஒகேனக்கல்லிலும் பரிசல் சவாரி உண்டு. கிருஷ்ணராஜ சாகரிலிருந்து நீர் அதிகம் திறக்கும் நாட்களில் ரங்கனத்திட்டில் படகை நிறுத்திவிடுவார்கள். ஒகேனக்கல்லுக்கு வரும் நீரின் கன அடி அளவு கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். ஆடி மாதத்தில் புறப்படுகிறவர்கள் அன்றைய நீர்வரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.