தணிப்பும் சிகிச்சையும்: லேசான ஆஸ்துமாவில் நிவாரணி இன்ஹேலரின் இடம் குறித்து

1. சிக்கல்

ஆஸ்துமாவுக்கு இருவகை இன்ஹேலர்கள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. இழுப்பு வரும்போது உறிஞ்சினால் சில நிமிடங்களில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் போன்றவை ஒருவகை. இவை நிவாரணிகள். மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள அழற்சியைக் குறைக்க நாள்தோறும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டுகள் மற்றொரு வகை. இவை தடுப்பு மருந்துகள். நோய் லேசானது என்று மருத்துவர் கருதினால் நிவாரணி மட்டும் போதும், மிஞ்சினால் தடுப்பு மருந்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அரை நூற்றாண்டு கால நடைமுறை.

ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜீனா அமைப்பு 2019இல் இந்நடைமுறையைக் கைவிட்டது. பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதைக் கடந்த சிறாருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிப்பது இனிப் பரிந்துரைக்கத் தக்கதன்று என அறிவித்தது. நோய் எவ்வளவு லேசாக இருந்தாலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதாவதொரு வடிவில் நோயாளியைச் சென்றடைய வேண்டும் என்றது.

இதற்குப் புதிய மூலக்கூறு எதுவும் காரணமில்லை. மாற்றத்தின் மையத்தில் உள்ள பியூடசோனைடு என்னும் ஸ்டீராய்டு, மூச்சுக்குழலைத் தளர்த்தும் ஃபார்மோட்டிரால் இரண்டுமே முன்பே புழக்கத்தில் இருந்த மருந்துகள்தாம். நோயாளி மருந்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைக் குற்றமாகப் பார்க்காமல் தரவாகப் பார்க்க ஆய்வாளர்கள் முன்வந்ததே மாற்றத்தின் உண்மையான ஊற்று என்பது இக்கட்டுரையின் வாதம். இந்தியச் சூழலுக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு என்பதும் இங்கே காட்டப்படும்.

2. மரணங்கள் எழுப்பிய கேள்வி

நிவாரணிகள் மீதான ஐயம் புதிதன்று. 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. அந்நாடுகளில் ஐசோபிரினலின் என்னும் நிவாரணியின் மிகு அளவு இன்ஹேலர் விற்பனையில் இருந்தது. அது விற்கப்படாத அமெரிக்காவில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோட்டிரால் அறிமுகமானபின், இளவயதினரின் ஆஸ்துமா இறப்பு விகிதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மும்மடங்கானது. 1989இல் ரிச்சர்ட் பீஸ்லி உள்ளிட்ட ஆய்வாளர் குழு அம்மருந்துக்கும் மரணங்களுக்கும் உள்ள தொடர்பை லான்செட் இதழில் முன்வைத்தது. மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது, இறப்பு விகிதமும் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

அப்போதே கடும் மறுப்பும் எழுந்தது. நோய் முற்றியவர்தாம் அதிகமாக மருந்தை நாடுவர், ஆகவே மரணத்துக்குக் காரணம் நோயே ஒழிய மருந்தன்று என்றனர் எதிர்த்தரப்பினர். இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது இன்னொரு கேள்வியை மறைத்துவிட்டது. நோய் முற்றும்வரை அந்நோயாளி நிவாரணியோடு மட்டும் காலந்தள்ள முடிந்தது எப்படி?

விடையின் ஒரு பகுதி 2000இல் கனடாவிலிருந்து வந்தது. சஸ்காட்செவன் மாகாண மருந்துப் பதிவுகளைக் கொண்டு சாமி சூயிஸ்ஸா குழுவினர் செய்த ஆய்வில், ஓராண்டில் ஒருவர் பயன்படுத்தும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைந்தது. மறுபக்கத்தை 2006இல் அமெரிக்காவில் 26,000 பேருக்கு மேல் பங்கேற்ற பெருஞ்சோதனை காட்டியது. நீடித்து வேலை செய்யும் சால்மெட்டரால் கொடுக்கப்பட்ட பிரிவில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தனர், போலி மருந்துப் பிரிவில் 3 பேர். பின்னர் அதே வகை மருந்தை ஸ்டீராய்டுடன் ஒரே கருவியில் சேர்த்துக் கொடுத்துச் செய்த சோதனைகளில் அந்த அபாயம் தென்படவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கூட்டு இன்ஹேலர்கள் மீதிருந்த கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கியது. மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து தனியே நின்றால் ஒரு விளைவு, ஸ்டீராய்டுடன் சேர்ந்தால் வேறு விளைவு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

3. மூச்சுக்குழலுக்குள் நடப்பது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்குவது நோயின் வெளிப்பாடே. அடியில் கிடப்பது அழற்சி. ஈசினோஃபில், மாஸ்ட் ஆகிய செல்களும் இன்டர்லூகின் 4, 5, 13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களும் சேர்ந்து உட்சுவரை வீங்கவைத்து, சளியைப் பெருக்கி, தூசு, குளிர்காற்று, வைரஸ் போன்ற தூண்டல்களுக்கு மூச்சுக்குழல் மிகையாக எதிர்வினை புரியும்படி செய்கின்றன. சால்பியூட்டமால் தசையைத் தளர்த்துகிறது, அழற்சியைத் தொடுவதில்லை. அதைத் தொடர்ந்து எடுத்தால் அது பற்றிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பிகள் குறைகின்றன, தூண்டல்களுக்கான மிகையுணர்வும் கூடுகிறது. டைபாய்டுக்குக் காய்ச்சல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருப்பதைப் போன்றதுதான் இது. காய்ச்சல் இறங்குகிறது, நோய் தன் பாட்டுக்கு வளர்கிறது.

கடும் தாக்குதல் ஒரே இரவில் வருவதுமில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பே அறிகுறிகள் கூடத் தொடங்கி, மூச்சை வெளியேற்றும் வேகம் குறையத் தொடங்குகிறது. நோயாளி நிவாரணியை அடிக்கடி எடுப்பது சரியாக இந்த நாட்களில்தான். அழற்சி பெருகும் அதே நாட்களில் அவர் கை தானாகவே இன்ஹேலரைத் தேடுகிறது, ஆனால் அதில் அழற்சிக்கான மருந்து இல்லை. இதுவே பழைய முறையின் அடிப்படைக் கோளாறு.

4. சோதனைகள் காட்டியவை

அப்படியானால், கை தேடும் கருவியிலேயே ஸ்டீராய்டை வைத்துவிட்டால் என்ன? ஃபார்மோட்டிரால் இதற்குப் பொருத்தமானது. சில நிமிடங்களில் வேலை தொடங்கி ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும் மருந்து அது. சால்மெட்டரால் மெதுவாகத் தொடங்குவதால், அது கலந்த கூட்டு இன்ஹேலரை நிவாரணியாகப் பயன்படுத்த இயலாது. எழுதிக் கொடுப்பவரும் எடுப்பவரும் மறக்கக் கூடாத வேறுபாடு இது.

2018இல் வெளியான சிக்மா-1 சோதனையில் லேசான ஆஸ்துமா உள்ள 3,800க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வெறும் நிவாரணி எடுத்தவர்களோடு ஒப்பிட, தேவைப்படும்போது மட்டும் பியூடசோனைடு-ஃபார்மோட்டிரால் எடுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல் 64 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் பியூடசோனைடு எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவு பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் தேவைக்கேற்ப எடுத்தவர்கள் உட்கொண்ட ஸ்டீராய்டு இவர்கள் எடுத்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். 2019இல் நாவல் ஸ்டார்ட் சோதனை அன்றாடச் சிகிச்சைக்கு நெருக்கமான சூழலில் இதைச் சோதித்தது. சால்பியூட்டமால் பிரிவோடு ஒப்பிட, கூட்டு மருந்துப் பிரிவில் தாக்குதல் விகிதம் பாதியாகக் குறைந்தது. சிறாருக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2025இல் நியூசிலாந்தின் கேர் சோதனை விடை தந்தது. 5 முதல் 15 வயது வரையிலான 360 சிறாரில், ஆண்டுக்கு 0.41 என்றிருந்த தாக்குதல் விகிதம் கூட்டு மருந்தால் 0.23 ஆனது.

குறைந்த ஸ்டீராய்டு ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தருவது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். மருந்தின் அளவைவிட அது போய்ச் சேரும் நேரத்துக்கு எடை அதிகம் என்று கொண்டால் முரண் நீங்கும்.

5. மறுப்புகள்

மூன்று மறுப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, அன்றாட அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில் நாள்தோறும் எடுக்கும் ஸ்டீராய்டே மேல். சிக்மா-1இல் ஆஸ்துமா நன்கு கட்டுப்பாட்டில் இருந்த வாரங்கள் அப்பிரிவில் 44.4 விழுக்காடு, தேவைக்கேற்பக் கூட்டு மருந்து எடுத்த பிரிவில் 34.4 விழுக்காடு. இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மேன்மை சோதனையில் நாள்தோறும் இருமுறை நினைவூட்டல் பெற்றவர்களிடம் கிடைத்தது. இழுப்பு இல்லாத நாளில் மருந்தைத் தொடாதவர்களே வீடுகளில் பெரும்பான்மை. இதை ஒழுங்கீனம் என்று நோயாளியின் தலையில் கட்டுவது மருத்துவத்துக்கு வசதி. உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து வேண்டாம் என்று நினைப்பது மனித இயல்பு என்று ஏற்பது அறிவியலுக்குப் பயன்.

இரண்டாவது, சிக்மா சோதனைகளை நடத்தியது மருந்து நிறுவனம். ஐயம் நியாயமே. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்த பிராக்டிகல் சோதனையும் இதே திசையைக் காட்டியிருப்பதால் அந்த ஐயத்தின் வலு குறைகிறது.

மூன்றாவது விலை. சால்பியூட்டமால் மலிவானது, கூட்டு இன்ஹேலர் அப்படியன்று. ஆனால் ஒப்பிட வேண்டியது கருவியின் விலையை மட்டுமன்று. அவசரச் சிகிச்சை, இழந்த கூலி நாட்கள், மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு எலும்பிலும் சர்க்கரை அளவிலும் விட்டுச்செல்லும் பாதிப்பு ஆகியவையும் கணக்கில் வர வேண்டும்.

6. இந்தியச் சூழல்

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இந்தியாவில் உள்ளனர் என்றும், உலகின் ஆஸ்துமா இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன என்றும் உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடுகள் கூறுகின்றன. 2022இல் வெளியான குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க்கின் இந்திய ஆய்வில், இழுப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்று யாரும் கண்டு சொல்லியிருக்கவில்லை. அறிகுறி உள்ளவர்களில் நாள்தோறும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தோர் 2.5 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த எண்களுக்குப் பின்னுள்ள நடைமுறை நமக்குப் பழகியதே. இரவில் மூச்சு வாங்கிக்கொண்டு வருபவருக்குக் கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள், டெரிஃபிலின் ஊசி போடுவார்கள். சிறிது நேரத்தில் மூச்சு சீராகும். கையில் ஒரு அட்டை சால்பியூட்டமால் மாத்திரையோடு அவர் வீடு திரும்புவார். "வீசிங்" என்று சீட்டில் எழுதப்படும், ஆஸ்துமா என்ற சொல் பெரும்பாலும் வராது. பெண் பிள்ளையானால் அச்சொல்லைக் குடும்பமே தவிர்க்கும். இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாது என்ற அச்சம் வேறு.

பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் தேசிய அறிக்கை, இறக்கும்போது நிவாரணி பயன்படுத்திவந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு முந்தைய ஓராண்டில் 12க்கு மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. ஒரு குப்பியில் 200 பஃப் என்று கொண்டால், 12 குப்பி என்பது நாளொன்றுக்கு ஆறு பஃப்புக்கும் மேல். மரணத்தின் முன்னறிவிப்பு மருந்துச் சீட்டிலேயே இருந்தது. அங்கே பதிவேடு இருந்ததால் பின்னாலாவது அதைப் படிக்க முடிந்தது. இங்கே நிவாரணி மருந்துக்கடையில் சீட்டின்றியே கைமாறுகிறது. எத்தனையாவது குப்பி என்பது கடைக்காரருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எச்சரிக்கை மணி அடித்தாலும் கேட்க ஆளில்லாத நிலை இது.

இதனாலேயே கூட்டு இன்ஹேலரின் தேவை இங்கே கூடுதலாகிறது. தொடர் கண்காணிப்பும் மறுவருகையும் உள்ள நாட்டில் நோயாளியை மெல்ல வழிக்குக் கொண்டுவரலாம். ஒரே ஒரு முறை மட்டுமே மருத்துவரைப் பார்ப்பவருக்கு, அந்த ஒரே சீட்டில் எழுதப்படும் கருவியிலேயே சிகிச்சையும் அடங்கியிருக்க வேண்டும். விலை மலிந்த, காப்ஸ்யூல் இட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலர்களிலும் பியூடசோனைடு-ஃபார்மோட்டிரால் இங்கே கிடைப்பதால், தொழில்நுட்பம் தடையில்லை.

7. முடிவு

தீவிர ஆஸ்துமாவுக்கான உயிரியல் மருந்துகளே அண்மைக் காலத்தில் ஆய்வுலகின் கவனத்தையும் முதலீட்டையும் ஈர்க்கின்றன. அவற்றின் பயன் பெரிது, ஆனால் அவை தேவைப்படுவோர் நோயாளிகளில் சிறு பகுதியினரே. லேசான நோய் என்று அனுப்பிவைக்கப்படும் பெரும்பான்மையினரிடமும் கடும் தாக்குதல்களும் மரணங்களும் நிகழ்கின்றன. அவர்களுக்குப் பயன்பட்ட முன்னேற்றம், பழைய மருந்துகளின் இருப்பிடத்தை மாற்றியமைத்ததில் கிடைத்தது.

இதிலிருந்து இந்தியாவுக்கான முன்னுரிமைகள் தெளிவாகின்றன. ஆரம்பச் சுகாதார நிலையங்களின் மருந்துப் பட்டியலில் பியூடசோனைடு-ஃபார்மோட்டிரால் இடம்பெற வேண்டும். பெரியவர்களுக்குச் சால்பியூட்டமால் மாத்திரை மட்டும் எழுதும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நெபுலைசர் வைத்துக்கொண்ட எவரும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இன்றி வீடு திரும்பக் கூடாது என்பது அவசரப் பிரிவின் விதியாக வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வதை விட, அவர் எப்போதும் எடுக்கும் மருந்தைச் சரியான மருந்தாக்குவதே குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கும் வழி.