தோளில் இருந்த கருப்புப் பூனை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிறு, 1987-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் தன் அம்மாவோடு கூரத்துக்கு வந்திருந்தான். அவன் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அவனுடைய தாத்தாவின் பழைய காக்கிச் சட்டை. பரண் மேல் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவரிடம் கொடுக்க அம்மா எடுத்து வைத்திருக்கிறார். தோள் பக்கம் தைத்திருந்த துண்டுத் துணியைப் பார்த்துவிட்டு இவன் தடுத்திருக்கிறான். மங்கிப்போன துணியில் ஒரு கருப்புப் பூனை. "இது என்ன சார்?" என்றான்.

அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து 1946-ல் ஊர் திரும்பியவர். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஊரில் அவருக்குப் பெயர் 'கரண்டிப் பட்டாளம்'. இவன் ஒருநாள் வகுப்பில் எழுந்து, "எங்க தாத்தா சண்டை போட்டிருக்காரு சார்" என்றபோது, "சண்டை போட்டாரா, சாம்பார் வெச்சாரா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான்தான். பூனையைப் பார்த்ததும் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படைவீரன் உடம்பில் அடையாளம் அணிவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறோம். தொல்காப்பியத்தின் புறத்திணையியலைப் புரட்டுங்கள். போர்க்களத்தில் எந்த வேந்தனின் படை எது என்று தெரிவதற்காக வீரர்கள் பூச்சூடினார்கள். சேரன் படைக்குப் பனம்பூ, பாண்டியன் படைக்கு வேம்பு, சோழன் படைக்கு ஆத்தி. இது தவிர, செய்யும் வேலைக்கும் பூ உண்டு. ஆநிரை கவரப் போனால் வெட்சி, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, வென்றால் வாகை. சிறந்த படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டமும் அதற்கொரு மோதிரமும் கொடுத்தார்கள். இன்றைக்குப் பாராசூட் பயிற்சி முடித்தவன் மார்பில் இறக்கைச் சின்னம் குத்திக்கொள்கிறானே, அது போலத்தான்.

நம் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பெருவளநல்லூர்ப் போரை விரிவாகச் சொல்கிறது. அரசனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்று பெயர் உட்படக் கொடுக்கிறது. பல லட்சம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தையைப் போர்த்திக்கொண்டு ஓடினானாம். இது நம் பக்கத்துக் கவிஞர் சொன்னது. சாளுக்கியச் செப்பேட்டில், அவர்கள் காஞ்சியைப் பிடித்த கதை இருக்கும்! என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். எதிரி அரசன் தோற்றான் என்று சொல்ல அந்தக் கவிஞருக்கு அவன் உடுப்பு போனது என்று சொன்னால் போதுமாக இருந்திருக்கிறது.

நம் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் யானை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பல்லவ யானை அல்ல. 1803 செப்டம்பர் 23-ல் அசாயே என்ற ஊரில், ஆர்தர் வெல்லஸ்லியின் தலைமையில் மராட்டியரோடு மோதிய போரில் சென்னைப் படைகள் சம்பாதித்த யானை.

பதவியைக் காட்டுவது தனி. கையில் தலைகீழ்க் கூம்பாக ஒரு பட்டை இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். அதிகாரிகளுக்குத் தோளில் நட்சத்திரமும் சிங்கமுகத் தூணும். 1950-க்கு முன் அந்தச் சிங்கத்தின் இடத்தில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையிலிருந்து எடுக்கச் சொன்னார்களே, அந்த 'பலிதான்' சின்னம் பாரா சிறப்புப் படைக்கு உரியது.

ஆனால் பூனை இந்த வகை எதிலும் சேராது. அது டிவிஷன் அடையாளம். முதல் உலகப் போரில் தொடங்கிய வழக்கம் இது. படையின் எண்ணை வெளிப்படையாக எழுதினால் எதிரியின் ஒற்றன் படித்துவிடுவான். அதனால் படம் போட்டார்கள். நான்காவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, ஐந்தாவதுக்கு நெருப்புப் பந்து. பதினேழாவதுக்கு முதலில் மின்னல் கீற்று, பிறகு கருப்புப் பூனை.

பதினேழாவது டிவிஷனின் கதை சாதாரணமானது அல்ல. 1942 பிப்ரவரி 23-ல், பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தை, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று தங்கள் படையின் பெரும்பகுதி அக்கரையில் நிற்கும்போதே தகர்த்துவிட்டார்கள். பலர் துப்பாக்கியை எறிந்துவிட்டு நீந்தி வந்தார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி இம்பால் வந்து சேர்ந்தார்கள். பூனை அதற்குப் பிறகு வந்தது. 1944-ல் அதே டிவிஷன் திடிம் சாலையிலும் இம்பாலிலும் போரிட்டது. 1945 மார்ச்சில் மெய்க்திலாவைப் பிடித்தது. பிடித்த கையோடு ஜப்பானியர் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சோறும் தோட்டாவும் ஆகாய வழியாகத்தான் வந்தன.

இந்தத் துணியை டிவிஷனில் எல்லோரும் அணிந்தார்கள். ஜெனரலின் தோளிலும் அதே பூனை, அடுப்பு மூட்டுகிறவர் தோளிலும் அதே பூனை. ஆகவே சிட்டாங்கில் தாத்தா இருந்தாரா என்று இந்தச் சட்டையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்த டிவிஷனில் இருந்தார் என்று சொல்லலாம். சுற்றி வளைக்கப்பட்ட ஊரில் கரண்டி பிடித்தவனா, துப்பாக்கி பிடித்தவனா என்று பார்த்துக் குண்டு விழாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்த அம்மா, "அப்போ எங்க மாமனாரு நெஜமாவே சண்டைக்கு நடுவுலதான் இருந்தாரா வாத்தியாரே? ராத்திரியில அலறிக்கிட்டு எழுந்திருப்பாரு. நாங்க காத்து கருப்புன்னு மந்திரிச்சோம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கிளம்பும்போது இவனிடம், "அன்னைக்கு வகுப்புல நான் கேலி பண்ணது தப்புடா" என்றேன். "எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைக்கட்டுமா என்று அம்மா கேட்டார். துவைக்க வேண்டாம், வேப்பிலை போட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.