எந்த முப்பத்தஞ்சு?



போன வாரம் தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், எங்க தோட்டத்து டிரெக்டர்ல 135ன்னு போட்டிருக்கு. அப்போ 135 குதிரைச் சக்தியா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த எண் குழப்பத்தால் ஒரு நாள் சம்பளத்தை இழந்தவர்களை வாப்பாவின் உதிரிப்பாகக் கடையில் பார்த்து வளர்ந்தவன் நான்.

தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஹட்டன் டவுனுக்கு வருவார்கள். "முப்பத்தஞ்சுக்கு ஹெட் கெஸ்கட் வேணும் நானா." வாப்பா திருப்பிக் கேட்பார்: "எந்த முப்பத்தஞ்சு? நாலா, மூணா?" தெரியாது என்றால் அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வரவேண்டும். படம் எடுத்து அனுப்ப அப்போது ஃபோன் ஏது?

கதை ஹரி பெர்குசனிடம் தொடங்குகிறது. அயர்லாந்துக்காரர். 1946இல் இங்கிலாந்தின் கொவன்ட்ரியில் அவருடைய சாம்பல் நிற டிரெக்டர் வெளிவந்தது. பெயர் டீ.ஈ.20. டீ என்றால் டிரெக்டர், ஈ என்றால் இங்கிலாந்து, 20 என்பது ஏறத்தாழ குதிரைச் சக்தி. பத்து வருடத்தில் 5 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1956இல் அடுத்தது 35. அதுவும் குதிரைச் சக்திக் கணக்குத்தான். இதுவரை பெயர் பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில், 1953இல், பெர்குசன் கம்பனி கனடாவின் மாசி ஹரிஸுடன் சேர்ந்துவிட்டது. பிறகுதான் மாசி பெர்குசன் என்ற பெயரும் நமக்குத் தெரிந்த சிவப்பு நிறமும். 35இன் முதல் டீசல் இயந்திரத்துக்கு நாலு சிலிண்டர். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது அதன் பெயர்போன குணம். நுவரெலியாவின் ஜனவரிக் காலையை நினைத்துப் பாருங்கள்! 1959 கடைசியில் அதை எடுத்துவிட்டு பேர்கின்ஸ் மூணு சிலிண்டர் போட்டார்கள். வெளியே அதே 35, உள்ளே வேறு இயந்திரம். வாப்பாவின் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

பேர்கின்ஸ்காரர் மட்டும் நேர்மையாகப் பெயர் வைத்தார். ஏ3.152 என்றால் 3 சிலிண்டர், 152 கன அங்குலம். நம் கணக்கில் சுமார் இரண்டரை லீட்டர்.

1964 கடைசியில் 100 வரிசை வந்தது. பழைய எண்களுக்கு முன்னால் ஒரு 1 சேர்த்தார்கள்: 35 போய் 135, 65 போய் 165. மாணவனுக்கான பதில் இதுதான். 135இன் சக்தி சுமார் 45தான். பின்னால் வந்த 240உம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் கூடியதல்ல, 200 வரிசை என்பதால் 2. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பனியின் 1035ஐப் பார்த்து ஆயிரம் குதிரை என்று யாரும் பயப்பட வேண்டாம், 36ஓ என்னவோதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது நமக்குப் புதிதும் அல்ல. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டீ.ஆர்.ஐ. 2025 தேயிலையை, 2025ஆம் வருடம் வந்த கன்று என்று நம்பிய பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டிமார் கொழுந்து பறித்த செடி அது.

மரக்கறித் தோட்டத்துக்குப் பழைய டிரெக்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொனட்டை மாற்றுவது சுலபம், பெயின்ட் அடிப்பது அதைவிடச் சுலபம். மீட்டர் பக்கத்துத் தகட்டில் உள்ள தொடர் எண்ணையும், இயந்திரத்தில் வெட்டியிருக்கும் எண்ணையும் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகு காசைக் கொடுங்கள்.

உங்கள் தோட்டத்தில் நாலு சிலிண்டர் 35 இன்னும் நிற்கிறதா? அந்தத் தகட்டைப் படம் எடுத்து கொமென்டில் போடுங்கள். வாப்பாவுக்குக் காட்ட வேண்டும்.