முகமும் கையும்

நாணயத்தில் இருக்கும் முகம் யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த முகத்தை வடித்த கை யாருடையது? அப்படி ஒரு கையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆர்னால்டு மேச்சின் 1911-ல், இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்டில் பிறந்தார். பதினான்கு வயதில் மின்டன் ஆலையில் சேர்ந்து, பீங்கான்மேல் சித்திரம் தீட்டக் கற்றார். பின்னர் சிற்பம் பயின்றார்.

இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தரவில்லை, மறுத்தார். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! அந்த மன்னரின் மகள் எலிசபெத் ராணியானதும், அவர் முகத்தை வடிக்கும் பணி மேச்சினிடமே வந்து சேர்ந்தது. 1968 முதல் 1984 வரை பிரிட்டனின் தசம நாணயங்களில் இருந்தது அவர் வடித்த உருவமே. 1967 ஜூன் 5-ல் வெளிவந்த தபால் தலைக்காகச் சுண்ணச் சாந்தில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்தார். அதைப் படம் பிடித்துத்தான் அச்சிட்டார்கள். மகுடம் தரித்த தலை, விலை, வேறொன்றுமில்லை. தேசத்தின் பெயர் இல்லை. சிற்பியின் பெயரும் இல்லை.

மேச்சின் 1999-ல் காலமானார், ராணி 2022-ல். 2023-ல் புதிய மன்னரின் தலை வரும்வரை, அந்தச் சிறிய சிற்பம் 20,000 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளில் வீடு வீடாகச் சென்றது.

அவர் சிறைக்குப் போனதும் மனச்சாட்சியால்; சிற்பத்தைச் செம்மையாகச் செய்ததும் அதே மனச்சாட்சியால் என்றே நான் நினைக்கிறேன். ராஜ விசுவாசம் வேறு, தொழில் விசுவாசம் வேறு அல்லவா?