செய்தித்தாளின் முகத்தை வடித்தவர்கள்: தமிழ் இதழியலில் காட்சிப் பங்களிப்பும் அதற்குரிய மதிப்பும்

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த இதழை யார் தொடங்கினார், எக்கொள்கைக்காக நடத்தினார், எவ்வழக்கைச் சந்தித்தார் என்பனவே நூல்களிலும் ஆய்வேடுகளிலும் முதலிடம் பெறுகின்றன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும் வாசகர் ஒருவர் செய்தித்தாளைக் கையில் எடுத்தவுடன் காண்பது கொள்கையை அன்று; ஒரு பக்கத்தை. தலைப்பின் அளவு, எழுத்தின் வடிவம், படத்தின் இடம், பத்திகளின் அகலம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே செய்தியை அவரிடம் கொண்டு சேர்க்கின்றன. இப்பக்கத்தை வடித்தவர்கள் யாவர்? அவர்களுடைய வாழ்நாள் உழைப்புக்கு நாம் அளித்துள்ள மதிப்பு யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

மேலைநாடுகளில் இத்துறை தனித்துறையாக ஏற்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1979இல் உருவான செய்தி வடிவமைப்புச் சங்கம், வாழ்நாள் பங்களிப்புக்கெனத் தனி விருது வழங்கி வடிவமைப்பாளர்களைச் சிறப்பித்துள்ளது. அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவர்களுள் எட்மண்ட் ஆர்னால்ட் (1913–2007) ஒருவர். சிற்றூர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்திய பட்டறிவோடு 1956இல் செய்தித்தாள் வடிவமைப்பு பற்றிய பாடநூலை எழுதிய அவர், பின்னர் பல்கலைக்கழகங்களில் அதனைக் கற்பித்தார். பக்க அமைப்பு வெறும் ஒப்பனை அன்று, வாசிப்புக்கு உதவும் கருவி என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்தாகும். சென்னையிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. 2005 ஏப்ரலில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் புதிய தோற்றத்தில் வெளிவந்தபோது, அதனை வடிவமைத்தவர் மாரியோ கார்சியா என்பது வாசகர்க்கு வெளிப்படையாகவே தெரிவிக்கப்பட்டது. தமிழ் இதழ்களின் பக்கங்களை வடித்தவர்களுக்கோ இத்தகைய அறிமுகம் அரிதாகவே வாய்த்தது.

கருத்து ஒருவருடையது, கை மற்றொருவருடையது

தமிழ்க் காட்சி இதழியலின் தொடக்கத்தைச் சுப்பிரமணிய பாரதியாரின் 'இந்தியா' வார இதழிலிருந்து கணக்கிடுவது பொருத்தமாகும். 1906 மே மாதத்தில் சென்னையில் தொடங்கிய அவ்விதழ், தமிழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் இதழாகக் கருதப்படுகின்றது. இலண்டனில் 1841இல் தோன்றிய 'பஞ்ச்' இதழின் சாயலில் இந்தியாவிலும் நகைச்சுவைப் பட இதழ்கள் வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. பம்பாயின் 'ஹிந்தி பஞ்ச்' அவற்றுள் ஒன்று. அவ்வடிவத்தைப் பாரதியார் விடுதலை அரசியலுக்குரிய கருவியாக்கினார். இதழைச் சிவப்பு நிறத் தாளில் அச்சிட்டதாகவும் ஆய்வாளர் குறிப்பர். தாளின் நிறமே ஒரு செய்தியாகலாம் என்னும் உணர்வு அதில் புலப்படுகின்றது.

அக்கருத்துப்படங்கள் அணிக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. எழுத்தறிவு பெற்றோர் மிகக் குறைவாக இருந்த சமூகத்தில், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட சூழலில், படம் வாசிப்பு வட்டத்தை விரிவாக்கியது. படத்தோடு அதன் கருத்தை விளக்கும் குறிப்பும் இடம்பெற்றமை, படத்தைப் பார்த்துப் பொருள்கொள்ளும் பழக்கத்தையே வாசகர்க்குக் கற்பிக்கும் முயற்சியாக இருந்தது எனலாம். 1908இல் இதழின் பதிவு பெற்ற ஆசிரியரான எம். சீனிவாசன் அரச நிந்தனைக் குற்றத்துக்காக ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழ் அங்கிருந்து 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை வெளிவந்தது. படங்களுக்கென்றே 'சித்ராவளி' என்னும் இருமொழி இதழொன்றை நடத்தவும் பாரதியார் திட்டமிட்டார், அது நிறைவேறவில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. படங்களின் கருத்து பாரதியாருடையது; கோடுகள் அவருடையன அல்ல. வாரந்தோறும் அக்கருத்துகளுக்கு உருவம் தந்த கைக்குரியவரின் பெயர் நம் இதழியல் வரலாற்றில் நிலைபெறவில்லை. பாரதியாரின் உரைநடை தொகுப்புகளாகப் பலமுறை அச்சேறியது. அவருடைய படங்களோ 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்ட பின்னரே பரவலாகக் காணக்கிடைத்தன. எண்பதாண்டுக்கும் மேலாக, ஓர் இதழாசிரியரின் பணியில் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தை நாம் விட்டுவிட்டோம் என்பதே இதன் பொருள்.

அச்சுப்பெட்டியும் எழுத்துச் சீர்திருத்தமும்

படத்தைவிடவும் கண்ணுக்குப் புலப்படாத வடிவமைப்பு எழுத்துருவில் உள்ளது. பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை நாம் வழக்கமாகச் சமூகச் சீர்திருத்தத்தின் பகுதியாகவே கற்பிக்கின்றோம். அது செய்தித்தாள் வடிவமைப்பின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

பழைய முறையில் ணா, றா, னா ஆகிய மூன்றும் தனிக்கால் பெறாமல், எழுத்தோடு இணைந்த சுழியுடன் எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் மேலெழுந்து வளைந்த துதிக்கை போன்ற கொம்பைப் பெற்றன. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகள் பொதுவிதிக்குப் புறம்பாக நின்றன. இவற்றுள் ஒகர, ஓகார வடிவங்கள் ஆறும் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவையே தம்முள் கொண்டவை. எனவே அம்மூன்றும் மாறியவுடன் ஆறும் தாமே மாறின. சீர்திருத்தத்தின் சிக்கனம் இங்கே வெளிப்படுகின்றது.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் ஒவ்வொரு தனிவடிவுக்கும் அச்சுப்பெட்டியில் ஓர் அறை வேண்டும். செய்திக்கு ஓர் அளவு, துணைத்தலைப்புக்கு ஓர் அளவு, பெருந்தலைப்புக்கு வேறோர் அளவு என எழுத்தின் அளவு மாறும்போதெல்லாம் அத்தனி வடிவங்களையும் மீண்டும் வார்க்கவேண்டும். ஆகவே ஒரு வடிவம் குறைவதென்பது ஓர் அறை குறைவது மட்டுமன்று. ஒவ்வோர் அளவிலும் அது குறைகின்றது. அச்சகத்தை நடத்தியவர் என்ற முறையில் பெரியார் இதனை நன்குணர்ந்திருந்தார். ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதும் அவருடைய பரிந்துரை அரசால் ஏற்கப்படவில்லை. ஆனால் மேற்சொன்ன 13 எழுத்துகளின் மாற்றத்தை 1978 அக்டோபரில் தமிழக அரசு ஆணையாக்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் அம்முறையைப் பின்னர் ஏற்றுக்கொண்டன. இன்று நம் வகுப்பறைகளில் எழுதப்படும் வடிவங்கள், அரசாணைக்கு நாற்பதாண்டுக்கு முன்பே ஓர் இதழின் பக்கத்தில் சோதிக்கப்பட்டவை.

இச்சோதனையைத் தம் விரல்களால் நிறைவேற்றியவர்கள் அச்சுக்கோப்பாளர்கள். பழகிய அறையிலிருந்து புதிய அறைக்குக் கையை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் எவருடைய பெயரையும் இச்சீர்திருத்தத்தின் வரலாறு பேசுவதில்லை.

தலைப்பும் தெருவும்

சி. பா. ஆதித்தனார் (1905–1981) சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து தாயகம் திரும்பியவர். 1942இல் மதுரையில் அவர் தொடங்கிய 'தந்தி' பின்னர் 'தினத்தந்தி'யாக வளர்ந்தது. எளிய தமிழ், சிறு சொற்றொடர், பெரிய தலைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். தேநீர்க் கடையில் நின்று பார்க்கும் தொழிலாளியும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் புதிய வாசகரும் அவர் கருத்தில் இருந்தனர். தலைப்பு பெரிதானதால் அதில் அமையும் சொற்கள் குறைந்தன. சொற்கள் குறைந்ததால் தேர்ந்த எளிய சொற்களே இடம்பெற்றன. இங்கு வடிவமைப்பே நடையைத் தீர்மானித்தது. தினத்தந்தியின் மொழிநடை பற்றி ஆய்வுகள் பல உள்ளன. அந்நடைக்கு அடித்தளமான பக்க அமைப்பு அதே அளவு ஆராயப்படவில்லை. 1960இல் அந்நாளிதழில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை பல ஓவியர் கைகளில் தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளமையும் இவ்வகையில் கருதத்தக்கது.

ஆதித்தனார் பெயரால் வழங்கப்படும் பரிசுகள் இலக்கியத்துக்கும் தமிழ்ப் புலமைக்கும் உரியன. அவை மிகத் தகுதியானவை. ஆயினும் பக்கத்தின் ஆற்றலை அறிந்து பயன்கொண்ட ஒருவரின் நினைவும் சொல்லின் வழியாகவே போற்றப்படுவது, நம் மதிப்பீட்டு மரபின் இயல்பைக் காட்டுகின்றது.

கையொப்பம் பெற்ற கோடுகள்

ஓர் இடத்தில் மட்டும் இம்மரபு நெகிழ்ந்துள்ளது. எஸ். எஸ். வாசன் 1928இல் ஏற்று நடத்திய 'ஆனந்த விகடன்' ஓவியருக்குத் தனி இடம் தந்தது. மாலி என்னும் டி. ஆர். மகாலிங்கம் அதில் வரைந்த கேலிச்சித்திரங்களும் கருநாடக இசைக்கலைஞர்களின் தோற்றச் சித்திரங்களும் அவரைப் பெயர் சொல்லி அறியச் செய்தன. தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபாலனுக்குக் 'கோபுலு' என்னும் பெயரைச் சூட்டியவரும் மாலியே. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்த படங்கள், கதைமாந்தரை வாசகர் மனத்தில் நிலைநிறுத்தின. சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் அவர் வரைந்தார். வலக்கை செயலிழந்த முதுமையில் இடக்கையால் வரைந்தார் என்பர். 2015இல் மறைந்த அவர், கலைமாமணி உள்ளிட்ட சிறப்புகளைத் தம் வாழ்நாளிலேயே பெற்றார். அகில இந்திய அளவிலும் கருத்துப்பட ஓவியர் ஆர். கே. இலட்சுமண் 1984இல் மகசேசே விருது பெற்றமை நினைவுகூரத்தக்கது.

இவர்கள் மதிக்கப்பட்டதற்குத் திறமையே முதற்காரணம். ஆனால் அதற்குத் துணைநின்ற மற்றொரு காரணமும் உண்டு. இவர்களுடைய கோட்டின் அடியில் கையொப்பம் இருந்தது. கையொப்பமிடும் பழக்கம் உள்ள பணி நினைவில் நிற்கின்றது. அப்பழக்கம் இல்லாத பணி மறைந்துவிடுகின்றது. பக்கம் அமைத்தவர், தலைப்பெழுத்தைத் தேர்ந்தவர், படத்தை வெட்டிப் பொருத்தியவர் ஆகியோர்க்குக் கையொப்பமிட இடமில்லை. தமிழ்க் காட்சி இதழியலில் மதிப்பு என்பது திறமையின் எல்லையோடு மட்டுமன்றிக் கையொப்பத்தின் எல்லையோடும் நின்றுவிட்டது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

மலாயா, சிங்கப்பூர் இதழ்கள்

இந்நிலை நம் நாடுகளுக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' தோன்றியது. கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்' தோன்றியது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1950களில் முரசின் மாணவர் மணிமன்றம் இளம் எழுத்தாளர் பலரை உருவாக்கியதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். அவ்வெழுத்தாளர் தம் பெயரை முதன்முதலில் அச்சில் கண்ட அப்பக்கங்களை அமைத்தவர் எவர் என்று நாம் கேட்டதில்லை. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றபோது, 94 ஆண்டுக்காலச் செய்தியோடு அத்தனை ஆண்டுகளின் பக்க அமைப்பு மரபும் முடிவுக்கு வந்தது.

கணினிக் காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1980களின் நடுவில் முரசு மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன், 'இணைமதி' முதலிய எழுத்துருக்களை வடித்தார். அவை ஆப்பிள் கணினிகளிலும் இடம்பெற்றன. எழுத்துருவுக்கு ஆசிரியர் உண்டு என்பதைத் தமிழுலகம் பரவலாக உணரத் தொடங்கியது இவ்வாறுதான். ஈய எழுத்தை வெட்டியவர்க்குக் கிடைக்காத பெயர், கணினி எழுத்தை வரைந்தவர்க்குக் கிடைத்தது.

முடிவுரை

வாழ்நாள் பங்களிப்பைச் சிறப்பிப்பது என்றவுடன் மேடையும் பொன்னாடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வாழ்பவர்க்கு உரியன, வழங்கப்படவும் வேண்டும். மறைந்தவர்க்கும் பெயரறியப்படாதவர்க்கும் செய்யத்தக்க சிறப்பு வேறு. அது பெயரைப் பதிவதும் பக்கத்தைப் பாதுகாப்பதும் ஆகும். ஓர் இதழ்க் கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கும்போது அது வெளிவந்த பக்கத்தின் படத்தையும் சேர்ப்பது, இதழ்களில் பணியாற்றிய மூத்த அச்சுக்கோப்பாளர், பக்க அமைப்பாளர் ஆகியோரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் திரட்டுவது ஆகியவை பல்கலைக்கழகத் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள். ஈய எழுத்தைக் கையாண்ட தலைமுறை விரைந்து குறைந்து வருவதால் இரண்டாவது பணி காலம் தாழ்த்த இயலாதது.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் 'தமிழ் முரசு' பழைய இதழ்கள் பக்கப் படங்களாகவே காணக்கிடைக்கின்றன. 1930களின் பக்கம் ஒன்றையும் 1980களின் பக்கம் ஒன்றையும் அருகருகே வைத்து, எழுத்து எவ்வாறு மாறியது, தலைப்பு எவ்வாறு வளர்ந்தது, படம் எங்கே நின்றது என மாணவரைக் கேட்கலாம். எழுத்துச் சீர்திருத்தம் அப்போது அவர்களுக்கு விதியாக அன்றிக் கண்கூடான வரலாறாகப் புலப்படும். அப்பக்கத்தைச் செய்தவர் யார் என்று மாணவர் ஒருவர் திருப்பிக் கேட்பாராயின், அக்கேள்விக்கு விடை தேடுவதே நாம் அவர்களுக்குச் செலுத்தத் தொடங்கும் முதல் மரியாதையாக அமையும்.