மூர் மார்க்கெட்: பழைய பொருளுக்கு ஒரு மாளிகை

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் நின்ற மூர் மார்க்கெட், பழைய பொருள் வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. பிராட்வேயில் இருந்த நெரிசல் மிகுந்த பாபாம் சந்தைக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1900-ல் சந்தை திறக்கப்பட்டது. இந்தோ-சாரசெனிக் பாணி, நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கடைகள்.

பழைய பொருட்கள் பின்னர் வந்து குவிந்தன. கிராமபோன் இசைத்தட்டு, சுவர்க்கடிகாரம், பித்தளைச் சாமான், கூண்டுக்கிளி என்று கிடைக்காதது குறைவு.

ஆனால் அந்தச் சந்தையின் உயிர் பழைய புத்தகக் கடைகள்தான். வீட்டைக் காலி செய்தவர்களின் அலமாரிப் புத்தகங்கள் எடைக்குப் பழைய பேப்பர்காரரிடம் போகும். அங்கிருந்து பொறுக்கியெடுத்தவை கடைக்கு வரும். விலை அட்டையில் இல்லை, பேரத்தில் இருந்தது. வாங்க வந்தவரின் கண் எந்தப் புத்தகத்தில் நிலைக்கிறது என்று பார்த்தே அனுபவசாலி வியாபாரி விலை சொல்வார். புது நூல் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு இந்தக் கடைக்காரர்கள் செய்தது கல்விப்பணி என்றே சொல்ல வேண்டும்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையானது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. புறநகர் ரயில் நிலையத்துக்கு மட்டும் அந்தப் பெயர் தங்கியது.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய நூல் உங்கள் வீட்டில் இருந்தால், வாங்கிய ஆண்டையும் கொடுத்த விலையையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.